தெகி என்றால்

ஜூலை 8, திங்கள்

விடாத தூறல். துவைத்த சட்டை எதுவும் காயவில்லை. ஈரத்தோடு ஆபீஸ்.

கம்ப்யூட்டருக்குப் புது கிராஃபிக்ஸ் டிரைவர். மாதேவி அக்கா போடுவார். சிஸ்டம் பொறுப்பு அவருடையது. எனக்கு ஒரே வேலை.

"தம்பி, அந்த ஃபைல்ல ஹளே லைப்ரரி பாத் ஒரு வரி இருக்குது பாரு, அத மொதல்ல தெகி."

ஹளே என்றால் பழைய; அது தெரியும். திறந்தேன். வரி இருந்தது. மூடினேன்.

"தெகிட்டேங்க்கா."

அக்கா ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி கன்னடம். நான் சேலம். இந்தக் கன்னட ஊருக்கு வந்த இரண்டே மாதத்தில் கன்னடம் தண்ணிபட்ட பாடு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவன்.

வாங்க: சோப்பு, கொசுவத்தி, குடை (நல்லதாக).

ஜூலை 9, செவ்வாய்

கட்டப்போகும் வீட்டை 3டி-யில் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். வீடு வரவில்லை. திரையில் ஒரு வரி: டிரைவர் ஒரு பதிப்பு, லைப்ரரி வேறு பதிப்பு. அக்கா ரீபூட் மேல் ரீபூட். முதலாளி அவர்கள் எதிரிலேயே அக்காவை வறுத்தெடுத்தார்.

"நந்தே தப்பு சார்," என்றார் அக்கா. தப்பு தன்னுடையதாம்.

மதியம் ldd போட்டுப் பார்த்தேன். புரோகிராம் பழைய லைப்ரரியைத்தான் முதலில் எடுக்கிறது. போய்ப் பார்த்தால் அந்த வரி அங்கேயே.

வாடகை வீட்டு ஓனரம்மா தினமும் "பாகிலு தெகி" என்பார். கதவைத் திற. அதனால் தெகி என்றால் திற. எடுத்துப்போடு என்றும் அதற்கே அர்த்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரியும்.

வரியை நீக்கினேன். லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்க ldconfig. லாக்அவுட் செய்து மறுபடி லாகின். வீடு சுழன்றது. ஆபீஸில் எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும்.

"என்னாச்சு தம்பி?"

"லைப்ரரி கேஷ் பழசுங்க்கா."

"அய்யோ, நாந்தான் ldconfig போட மறந்துட்டேனாட்ட இருக்குது."

வாயில் கொழுக்கட்டை எனக்கு. தூ.

ஜூலை 10, புதன்

தூறல். குடை வாங்கவில்லை.

இனி சிஸ்டம் பொறுப்பு எனக்காம். அக்கா வரைபடம் மட்டும். முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார். அக்கா ரூட் பாஸ்வேர்டை என் காதில் மெல்லச் சொன்னார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. மதியச் சாப்பாடு அப்படியே குப்பையில்.

ஜூலை 11, வியாழன்

முதலாளி அறைக்குப் போய்க் கொட்டிவிட்டேன். அரைகுறைக் கன்னடம்தான். வரி, தெகி, பொய், எல்லாம். அவர் சிரித்தார்.

"ஆய்து, பிடு."

முடிந்தது, விடு. இது மட்டும் தெளிவாகப் புரிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டிய ஆள் இவர் இல்லை என்பதும்.

வெளியே வந்தால் என் மேசைப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்கா.

"தம்பி, அந்த ldconfig எப்ப எப்பப் போடோணும், ஒருக்கா சொல்லிக்குடேன். மறுபடி தப்புப் பண்ணக்கூடாது பாரு."

உட்கார்ந்து ldconfig மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.