பாஸ்போட்டைக் கொடுக்காதே என்று சொன்னவள்

என் ஆசை அப்பா,

குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு நிலத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு விடியப்புறம் விமான நிலையத்தில் ஷிப்ட். சத்தம் கேட்டால் எழும்பிவிடுவா. நீங்கள் போய் இரண்டு வருடத்தில் இதுதான் என் முதல் கடிதம். இப்படி ஒரு செய்தியோடு வருகிறேன், கோபிக்காதீர்கள்.

உங்கள் அண்ணனின் மகன் குகன் அண்ணை இன்று காலை லோமேயில் தனியாகப் போய் இறங்கினார். ஓம் அப்பா, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் உங்களை ஏழு மாதம் கைவிட்டுப் போன அதே ஆபிரிக்க ஊர். பெரியப்பாவிடம் கொழும்பில் வேலை என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நான் பள்ளியில் பிரெஞ்சு படிப்பதால் எனக்கு மட்டும் சொன்னார்.

ஏஜென்சி சொன்னபடி அவருடைய பெயர் எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒருவரும் நிற்கவில்லை. அவராகவே மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஏறி டவுனுக்குப் போயிருக்கிறார். மதிய இடைவேளையில் பள்ளிக் கழிவறைக்குள் நின்று அவரோடு கதைத்தேன்.

"வெயில் எங்கட ஊர் வெயில்தான் தங்கச்சி. ஆனா இவ்வளவு நேரமா நடக்கிறன், எங்க போறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு ஹோட்டலுக்குள் போய், போனை அங்கிருந்தவரிடம் கொடுத்தார். அந்த மனிதர் எனக்காகப் பிரெஞ்சை மெதுவாகவே பேசினார். பதிவதற்குப் பாஸ்போட் வேண்டும், காலையில் திருப்பித் தருவோம் என்றார். எனக்கு உடனே உங்கள் கதைதான் ஞாபகம் வந்தது. பதிய வேண்டும் என்று சொல்லித்தானே ஏஜென்சிக்காரன் உங்களுடையதையும் வாங்கிக்கொண்டு போனான்?

"குடுத்திடாதேங்கோ அண்ணை," என்றேன்.

"நித்திரை தூங்குதடி. குடுத்தா என்ன?"

"அப்பாவுக்கு நடந்தது தெரியும்தானே?"

"சரி, சரி. சித்தப்பா செத்தும் என்னைப் படுக்க விடுறார் இல்லை."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மூன்று மணிக்கு ஒரு குரல் செய்தி: "பற்றரி முடியுது. வேற இடம் பாக்கிறன். சித்திக்குச் சொல்லிப்போடாதை. சத்தியம் பண்ணு." பண்ணினேன். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதுவும் அவரிடம் போய்ச் சேரவில்லை.

கடைசிப் பாடம் பிரெஞ்சு. ஹோட்டலில் பாஸ்போட் கேட்டால் கொடுக்கலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அது எங்கேயும் வழக்கம்தானே என்று புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சொன்னா. ஏஜென்சிக்காரனையும் ஹோட்டல்காரனையும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை அப்பா. படுக்கப் போனவரை நான்தான் தெருவுக்கு அனுப்பினேன்.

லோமேயிலும் இப்போது இதே நேரம், இதே இருட்டு. அந்த ஊரில் முதல் நாள் இரவு நீங்கள் எங்கே படுத்தீர்கள்? எவ்வளவோ சொன்னீர்கள், அதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

உங்களோடு அங்கே ஒரே அறையில் இருந்த ஜெயம் மாமா அந்த ஊரிலேயே கல்யாணம் கட்டிக் கடை வைத்திருக்கிறார். உங்கள் செத்தவீட்டன்று போன் எடுத்து அழுதார். அவருடைய நம்பர் அம்மாவின் போனில்தான் இருக்கிறது. அண்ணையைத் தேடச் சொல்லி அவரைக் கேட்கலாம், ஆனால் நம்பரை வாங்க வேண்டுமென்றால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

உங்கள் முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்த அன்று அம்மா எல்லாச் சொந்தக்காரருக்கும் அழைத்து, "இனி எங்கட ஆக்கள் ஒருத்தரும் ஏஜென்சியை நம்பி வெளிக்கிடக் கூடாது," என்று சொன்னவ. நான் மூன்று கிழமையாக எல்லாம் தெரிந்துகொண்டு அவவோடு இருந்து சாப்பிட்டிருக்கிறேன். அடிக்க மாட்டா, எனக்குத் தெரியும். என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமோ என்றுதான் பயம்.

ஆனாலும் அம்மாவை எழுப்பப் போகிறேன். முதலில் அவவின் அறை லைட்டைப் போடுவேன், அதற்குப் பிறகு திரும்பி ஓட ஏலாது. அண்ணைக்குச் செய்த சத்தியத்தை உடைப்பேன். கொடுக்க வேண்டாம் என்று சொன்னவள் நான்தான் என்பதையும் மறைக்க மாட்டேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் மகளும்
குகன் அண்ணையின் தங்கச்சியுமான
அபி