முதுகு காட்டி நின்றவனின் வசனம்

அன்பு மகள் ஜோவலினுக்கு,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இருக்கிறோம். நீ நலமா என்று வழக்கம்போலக் கேட்க மனம் வரவில்லை, உன் கடிதம்தான் எல்லாம் சொல்லிவிட்டதே. தெருவில் முழங்கால் அளவு வந்த வெள்ளம் வடிந்துவிட்டது, அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கூடித்தான் இருக்கிறது, அண்ணிக்கு ஏழாம் மாதம். அந்த மீன்காரப் பெண்ணின் கொலையில் ஆளைக் கண்டுபிடித்தது நீ, ஆனால் உன் போலீஸ் மேலதிகாரி அறிக்கையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு, நீ சும்மா கூட வந்ததாக உன்னிடம் கையெழுத்துக் கேட்கிறார், மறுத்தால் எங்கோ ஒரு தீவுக்கு மாற்றல் என்று எழுதியிருந்தாய். வேலை முக்கியம், போட்டுவிடு என்று போனில் சொன்னவள் நான்தான்.

இப்போது ஒன்றைக் கேள். நான் டப்பிங் பேசும் கொரியத் தொடரில், நான் குரல் கொடுக்கும் பெண் துப்பறிவாளர் கொலைகாரன் யார் என்று தானாகவே கண்டுபிடித்துத் தன் மேலதிகாரியிடம் சொல்கிறாள். பொம்பளை சொன்னால் நம்ம ஜனம் நம்பாது என்று சேனலில் சொன்னார்களாம். டப்பிங் டைரக்டர் நெஸ்டர், "அக்கா, அந்த மேலதிகாரி முதுகு காட்டித்தானே நிக்கறான், வாய் தெரியாது, அந்த வசனத்தை அவனுக்குக் குடுத்துடலாம்" என்றார். அவள் உதடு அசைகிறதே, அதற்கு என்ன பேசுவது என்று எல்லோரும் விழித்தபோது, அசைவை எண்ணிப் பார்த்து, "எனக்கு இது தோணவே இல்லையே சார்" என்று போடலாம் எனச் சொன்னதும் நான்தான். கச்சிதமாகப் பொருந்தியது. கைதட்டினார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அது ஒளிபரப்பானது. உன் விஷயம் எதுவும் தெரியாத அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "என்ன மூளை பாரு அவனுக்கு! நம்ம புள்ளைக்கும் இப்படி ஒரு மேலதிகாரி கெடச்சா நாலு விஷயம் கத்துக்குவா" என்றார். மறுநாளே ஸ்டூடியோவுக்குப் போய், மறுஒளிபரப்புக்காவது அந்த வசனத்தை மாற்றச் சொல்லிக் கேட்டேன். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குக்கா போராட்டம், வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று நெஸ்டர் சிரித்தார். அதற்குப் பிறகு அழைப்பே இல்லை, வேறொரு பெண் பேசுகிறாளாம், நன்றாக அழுகிறாளாம்.

வேளைக்குச் சாப்பிடு, துப்பாக்கியைக் கண்ட இடத்தில் வைக்காதே. மாதா உன் கூடவே இருக்கட்டும். போனில் சொன்னதை மறந்துவிடு, கையெழுத்துப் போடாதே. ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுது மகளே, உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

உன் அம்மா,
லியோனோரா