பத்து மணி நேரம் தாங்குமா

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் மின்வெட்டு. காலை பத்தேகால் முதல் மாலை நான்கு வரை. அக்காவின் மூச்சு இயந்திரம் பழைய யு.பி.எஸ்ஸில் நாற்பது நிமிடம் ஓடியது. அதன்பிறகு எதிர்வீட்டுத் தையல் கடைக்காரரின் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து வந்தேன். "நாளைக்கும் வேணுமா?" என்று அவர் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. ஆனாலும் சுருக்கென்றது.

இருபத்தாறு வருடம் யு.பி.எஸ் தொழிற்சாலையில் சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். தொழிற்சாலையை மூடும்வரை ஊருக்கெல்லாம் சோதித்து அனுப்பினேன். என் வீட்டில் நாற்பது நிமிடம். வெட்கக்கேடு.

தம்பி போனில் பேசினான். போன மாதம் எட்டு மணி நேரம் கரண்ட் போனதை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். "பத்து மணி நேரம் தாங்குற மாதிரி உன்னால ஒண்ணு செய்ய முடியுமா, சின்னக்கா? முடியலைன்னா பெரியக்காவை இங்க கொண்டு வந்துடலாம். இங்க கரண்டே போகாது."

"மாசக் கடைசிக்குள்ள பத்து வரலைன்னா வந்து கூட்டிட்டுப் போ. எனக்கும் முடியலடா" என்று சொல்லிவிட்டேன்.

உண்மைதான். முடியவில்லை. அவள் போனால் ஒரு வாரம் தூங்குவேன் என்றுகூட நினைத்தேன். எழுதும்போதே கை கூசுகிறது. எழுதாவிட்டால் மட்டும் நினைக்கவில்லை என்று ஆகிவிடுமா?

மார்ச் 5, வியாழன்

சாமான்கள் வந்துவிட்டன. மொட்டை மாடிக்கு நூற்றைம்பது வாட் சோலார் பேனல் ஒன்று. ஒரு லித்தியம் பேட்டரி. பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்ற, தொழிற்சாலையில் கழித்துப்போட்ட இன்வெர்ட்டர்.

முதலில் இயந்திரம் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்தேன். காற்றை ஊதும் விசிறிக்கு இருபத்திரண்டு வாட். அந்தக் காற்றை ஈரமாக்க ஒரு சின்னத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. அதைச் சூடாக்கும் தட்டுக்கு இருபத்தைந்து. சத்தமாகச் சொல்லிக்கொண்டே குறித்தேன்.

"ஊதுறதைவிட நனைக்கிறதுக்குச் செலவு ஜாஸ்தியா?" என்றாள் அக்கா. முப்பது வருடம் கணக்கு டீச்சர். மூக்கில் மாஸ்க் இருந்தாலும் காது கணக்கில்தான் இருக்கும்.

"ஆமா. ஆனா அதுல கை வைக்கக் கூடாது. சளி கெட்டியாயிடும், உன்னால இருமித் துப்ப முடியாதுன்னு மெஷின்காரர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார்."

மெஷின்காரர் என்பது ஆஸ்பத்திரியில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். சிரிக்காத மனிதர், ஆனால் போன் செய்தால் எடுப்பார்.

மார்ச் 8, ஞாயிறு

பேனல் பாதிதான் கொடுக்கிறது. மூன்று மணி நேரம் வெயிலில் நின்று ஒவ்வொரு இணைப்பையும் கழற்றிப் பார்த்தேன். மீட்டரைச் சந்தேகப்பட்டேன், பேனல் விற்ற கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன், சூரியனைக்கூட. கடைசியில் பார்த்தால் கொடியில் நான் காயப்போட்ட போர்வையின் நிழல் பேனலின் ஓரத்தில் கோடு மாதிரி விழுந்திருக்கிறது. ஓரத்தில் விழுந்தாலும் பாதி போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வேறு யாராவது காயப்போட்டிருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும்.

அக்காவிடம் சொன்னேன். மாஸ்க் நழுவும் அளவுக்குச் சிரித்தாள்.

மார்ச் 11, புதன்

முதல் சோதனை. மெயினை அணைத்து, பேனலையும் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். ஒன்று பத்துக்கு, பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் அடக்கிய பெட்டி சார்ஜ் தீர்ந்து கத்தியது. மெயினைப் போட்டேன்.

ஏழு மணி பத்து நிமிடம். இன்னொரு பேட்டரி வாங்கலாம்தான். அதை நிரப்ப இன்னொரு பேனல் வேண்டும், அதற்கு மாடியில் நிழலில்லாத இடம் இல்லை.

மார்ச் 12, வியாழன்

முதுகு வலி. எதுவும் செய்யவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பத்து மணி இருபத்தைந்து நிமிடம்!

வயரைத் தடிமனாக மாற்றினேன். வழியை நான்கடி குறைத்தேன். பெட்டியில் அழகுக்கு எரிந்த விளக்குகளைப் பிடுங்கினேன். காலை ஆறுக்குத் தொடங்கியது, மாலை நாலு இருபத்தைந்து வரை ஓடியது. நடுவில் கடைக்குப் போய் வந்தேன். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்கூட.

தம்பிக்குச் சொன்னேன். "பரவாயில்லையே" என்றான். அவன் வாயிலிருந்து அது வந்தால் பட்டம் கொடுத்த மாதிரி.

மார்ச் 17, செவ்வாய்

கணக்கு இடிக்கிறது. வயர், விளக்கு எல்லாம் சேர்த்தாலும் அரை மணி நேரம் மிஞ்சலாம். எனக்கு மூன்றேகால் மணி நேரம் மிஞ்சியிருக்கிறது. சோதனை மேசையில் மின்சாரம் காணாமல் போவது தினசரி நடக்கிற காரியம். அதைத் தேடித்தான் சம்பளம் வாங்கினேன். கூடுதலாக வந்ததைத் தேடியதே இல்லை. மீட்டரை இன்னொரு மீட்டரால் சோதித்தேன். சரியாக இருக்கிறது.

அக்காவின் உதடு வெடித்திருக்கிறது. கைக்குட்டையில் ரத்தப் பொட்டு. "வெயில்டி" என்றாள்.

மார்ச் 18, புதன்

காலை ஒன்பதிலிருந்து மின்வெட்டு. பெட்டி ஜோராக ஓடியது. நாலு மணிக்குத் தொட்டியைக் கழுவ எடுத்தேன். காலையில் கோடு வரை ஊற்றிய தண்ணீர் வழக்கமாக மாலைக்குள் பாதியாகிவிடும். இன்று கோட்டிலேயே நிற்கிறது. தட்டைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. சூட்டுத் திருகு பூஜ்யத்தில்.

"நீயா திருகினே?"

அக்கா மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையும் இப்படித்தானா? நான் கடைக்குப் போனப்ப?"

"நீ தூங்கினப்பவும்" என்றாள்.

கத்தினேன். சளி அடைச்சா என்ன ஆகும்னு தெரியுமா, உன் உயிரோட விளையாடறியா, எனக்குப் பைத்தியம் பிடிக்கணுமா — என்னென்னவோ. அவள் காத்திருந்தாள். சத்தம் போடும் வகுப்பு தானாக அடங்கட்டும் என்று காத்திருப்பாளே, அந்த மாதிரி.

"தம்பிகிட்ட நீதானே சொன்னே. பத்து வரலைன்னா கூட்டிட்டுப் போன்னு. அன்னிக்கு நான் தூங்கலை, கண்ணைத்தான் மூடியிருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "முப்பது வருஷத்துல ஒரு பிள்ளைக்குக்கூட கருணை மார்க் போட்டதில்லை. இப்ப எனக்கு நானே போட்டுக்கிட்டேன்."

கேட்டிருக்கா. எல்லாத்தையும். எனக்கும் முடியலடான்னு நான் சொன்னதையும். பதினஞ்சு நாளா அதை மனசுல வச்சுக்கிட்டு, நான் வயரைக் காட்டினா "ஓ அப்படியா"ன்னு கேட்டுக்கிட்டு...

நான் ஏன் அதை அடுக்களையில் நின்று சொன்னேன்? ஏன் சொன்னேன்?

மார்ச் 19, வியாழன்

இருவரும் பேசிக்கொள்ளவில்லை. திருகு மூன்றில் இருக்கிறது. வழக்கமான இடம். பார்த்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

மெஷின்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் திட்டினார். பிறகு, "அந்த மெஷினோட அடாப்டர் எத்தனை வோல்ட் கொடுக்குதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

இருபத்து நான்கு. பேட்டரி பன்னிரண்டு. பன்னிரண்டை நான் இன்வெர்ட்டரில் இருநூற்று முப்பதாக ஏற்றுகிறேன். அடாப்டர் அதைத் திரும்ப இருபத்து நான்காக இறக்குகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறேன்! ஏற்றும்போதும் இறக்கும்போதும் மூன்றில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போகிறது. பன்னிரண்டிலிருந்து நேராக இருபத்து நான்குக்கு ஏற்றும் சின்னப் பெட்டி ஒன்று போதும். இயந்திரத்துக்கு ஏற்ற வயரை ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்புகிறேன் என்றார்.

யு.பி.எஸ் செய்தே பழகிய கை. பேட்டரியைக் கண்டால் இன்வெர்ட்டரைத் தேடும். வேறு வழி இருக்கிறது என்றே தோன்றவில்லை.

அக்காவுக்குப் படம் வரைந்து, கணக்கும் எழுதிக் காட்டினேன். நான்கு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை: "மூணாவது வரில கூட்டல் தப்பு."

தப்புதான்.

மார்ச் 27, வெள்ளி

சோதனை. இன்வெர்ட்டருக்குப் பதில் அந்தச் சின்னப் பெட்டியை மாட்டிவிட்டு, நாற்காலியைக் கட்டிலருகே போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். திருகு மூன்றில். அக்கா பேப்பர் படித்தாள், தூங்கினாள், என்னைப் போய்ச் சாப்பிடச் சொன்னாள். போகவில்லை. "போலீஸ்காரி" என்றாள்.

ஒன்பது மணி நாற்பது நிமிடம்.

நேர்மையான கணக்கு. பத்து இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

தம்பி காரில் வந்தான். பின்சீட்டை மடக்கி மெத்தை போட்டிருந்தான். இயந்திரத்தைச் செருக பிளக்கும் வைத்திருந்தான். பாவம், அக்கறை இல்லாதவன் இல்லை. வாசலில் வைத்தே கேட்டான்.

"ஒன்பது நாற்பது" என்றேன். நடந்ததையும் சொன்னேன்.

"பத்துன்னுதானே பேசினோம், சின்னக்கா?"

"ஆமா, பேசினோம்."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல. அனுப்ப முடியாது."

"உனக்கு முடியலைன்னு சொன்னியே."

"இப்பவும் முடியலதான். அதுக்காக அவளை அனுப்பணுமா? நீ மாசத்துல ரெண்டு ஞாயிறு வா. நான் தூங்கறேன்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல்: "அங்கயே நின்னு என்ன பேச்சு? இங்க வந்து சண்டை போடுங்க. எனக்கும் பொழுது போகும்."

சாப்பிட்டான். மெத்தையைச் சுருட்டி எங்களிடமே விட்டுவிட்டுப் போனான்.

ஏப்ரல் 6, திங்கள்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் போனது. பெட்டி எடுத்துக்கொண்டது. சும்மா ஐந்து நிமிடம் என்று தம்பியின் மெத்தையில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தேன்.

கண் விழித்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நோட்டைத் தேடி எடுத்து, "கரண்ட் எத்தனை மணிக்குக்கா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெரியலைடி. நானும் தூங்கிட்டேன்."

இன்றைய மின்வெட்டு எவ்வளவு நேரம் என்று எழுத முடியவில்லை.