அந்தோனியாரைச் சுற்றி ஒரு வெட்டு

மச்சான்,

நேற்றுக் காலை ஜிக்சோ வாளுக்குப் பிளேட்டு தேடிக் கருவிப்பெட்டியைக் கவிழ்த்தேன். முதலில் உருண்டு விழுந்தது உன்னுடைய பால்மா டின் மூடி. விளிம்பில் வள்ளத்தின் நீலப் பெயின்ற் இன்னும் ஒட்டியிருக்கிறது. வேலைநேரத்தில் நான் சும்மா உட்கார்ந்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். உட்கார்ந்தேன்.

நாலு வருடத்துக்கு முன் உன் பைபர் வள்ளம் கல்லில் அடித்து, பக்கம் உடைந்து, குருநகர்க் கரையில் கிடந்தது. உடைந்த இடத்தை வெட்டியெடுத்துவிட்டுப் புதுக் கண்ணாடி நார் ஒட்டவேண்டும். தொழில்நுட்பக் கல்லூரி முடித்தவன் என்று என்னைப் பிடித்துவந்தாய்.

"சரிவராட்டில் நான் மற்றவன்ரை வள்ளத்திலைதான் கூலிக்கு ஏறவேணும். கலியாணம் கட்டி மூண்டு மாசம். அவளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

நாருக்கென்றே வரும் பிளேட்டு யாழ்ப்பாணக் கடை ஒன்றிலும் இல்லை. கையில் இருந்தது இரண்டு வகை. பலகை அறுக்கும் பெரிய பல் ஒன்று. இரும்புத் தகடு வெட்டும் சின்னப் பல் மூன்று. சின்னப் பல் அரை நாளைத் தின்றுவிட்டு மழுங்கிப்போகும். நான் பெரிய பல்லை மாட்டினேன்.

கோடு போடும்போதே சண்டை. என் சதுரத்தின் மேல்மூலை, வள்ளத்தில் எழுதியிருந்த புனித அந்தோனியார் பெயரின் கடைசி எழுத்தில் ஏறியது.

"டேய், அதிலை வாள் வைக்காதை. சுவாமியார் தண்ணி தெளிச்ச பேர்."

"பேரைத் திரும்ப எழுதலாம்."

"எழுதலாம். ஆர் ஏறிக் கடலுக்குப் போறது, நீயோ?"

"உங்கடை அந்தோனியாருக்குச் சதுரம் பிடிக்காதாமோ?"

"ஓம், வட்டம்தான் பிடிக்கும்" என்று சொல்லிப் பால்மா மூடியை மூலையில் வைத்து, எழுத்தைத் தொடாமல் வளைத்துக் கீறினாய்.

நான் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஒரு சாண் போகமுன் ஓரம் அப்பளமாக நொறுங்கியது. கீழ்மூலையில் சட்டென்று திருப்பினேன். மயிரளவு வெடிப்பு ஒன்று கோட்டைத் தாண்டி நல்ல பகுதிக்குள் ஓடியது. வாளை நிறுத்தினேன். நீ மணலில் குந்திவிட்டாய். "எஞ்சினியர், எங்கையும் பஸ் பிடிக்க ஓடவேணுமோ?" என்றாய்.

கூர்மூலையில்தான் வெடிப்புத் தொடங்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். உன் வளைவுதான் சரியான கோடு. அன்றைக்கு அதை வாய்திறந்து சொல்லவில்லை. வெடிப்பின் நுனியில் துளை போட்டு அதை நிறுத்தினேன். நாலு மூலைக்கும் மூடியை வைத்துக் கீறினேன். நொறுங்காமலிருக்கக் கோட்டின்மேல் பிளாஸ்டர் நாடா ஒட்டி, சின்னப் பல்லை மாட்டினேன். நீ வள்ளத்துக்குள் ஏறி, அதிராமலிருக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையை அழுத்திப் பிடித்தாய்.

"துள்ளுது, மெல்ல. ம்... இப்ப சரி."

என் காதுக்கு முன்னம் உன் உள்ளங்கைக்குத் தெரிந்தது. கடைசி இரண்டு அங்குலத்தில் மூன்றாவது பிளேட்டும் செத்தது. அதையே துணியில் சுற்றிப் பிடித்துக் கையால் மாறிமாறி அறுத்தோம். நார்த்தூசியோடு வீட்டுக்குப் போன எங்களை உன் மனைவி வாசற்படலையில் மறித்தாள். "ரெண்டுபேரும் கிணத்தடிக்கு! வீட்டுக்குள்ளை கால் வைக்கப்படாது!"

நீ கூலிக்கு ஏறவில்லை. போன வருடம் மஞ்சட்காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை அந்த வள்ளத்தில்தான் போனாய். ஒட்டு இன்னும் ஒரு சொட்டுக் கசியவில்லை. விற்கச்சொல்லிப் பலபேர் சொல்லியும் அவள் விற்கவில்லை, தன் தம்பியை ஏற்றியிருக்கிறாள். மீன் போட வள்ளத்தின் முன்தட்டில் கதவோடு ஒரு சதுர வாசல் வெட்டத்தான் நேற்று என்னைக் கூப்பிட்டாள்.

நாலு மூலையிலும் உன் மூடியை வைத்துக் கீறினேன். பக்கத்தில் நின்று பார்த்தவள் கேட்டாள்:

"ஏன் அண்ணை, மூலை வட்டமாய்?"

"அந்தோனியாருக்கு வட்டம்தான் பிடிக்கும். உம்மடை மனுசன் கண்டுபிடிச்சது. அவன்தான் சரி, நான் பிழை."

சிரித்தாள், மச்சான். நீ போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது நேற்றுத்தான்.

மூடியைத் துடைத்துப் பெட்டியில் பிளேட்டுகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். எந்த வேலைக்குத் திறந்தாலும் முதலில் அதில்தான் கைபடும்.