வடலிக்குள் மூழ்கிய கொப்பி

மச்சான்,

நீ எழுதிவைத்த கொப்பி இன்று காலை அகப்பட்டுவிட்டது. எந்த இடத்தில் என்று சொன்னால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். மகளின் புதுவீட்டுக்குக் கக்கூஸ் குழி வெட்டிய இடத்தில்.

மண் தோண்டும் பெக்கோவை ஓட்டியவர் திடீரென்று இயந்திரத்தை நிற்பாட்டினார். "ஐயா, தள்ளி நில்லுங்கோ! உருண்டையா என்னவோ கிடக்குது!" என்று கத்திக்கொண்டே குதித்து ஓடினார். நானும் ஓடினேன். சண்டைக்காலத்து மிதிவெடி இன்னும் கிடக்கிற ஜெயபுரத்தில் மண்ணுக்குள் இருந்து உருண்டையாக எது தலைகாட்டினாலும் முதலில் ஓடுவோம், பிறகுதான் என்னவென்று பார்ப்போம். தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் மூடியைச் சுற்றிக் கட்டியிருந்த சைக்கிள் ரியூப் கண்ணில் பட்டது. அது நான் கட்டிய கட்டு. பால்மா ரின்னைத் திறந்தேன். ரப்பர் மணத்துக்கு அடியில் உன் சுருட்டு மணம் அப்படியே இருந்தது. பெக்கோக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளிநாட்டால் வருகிறவர்கள் சென்ற் போத்தலும் சொக்லேற்றும் கொண்டுவருவார்கள். கீல் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் இருபது வருடம் வெல்டிங் செய்துவிட்டு வந்த நீயோ, ஜெர்மன்காரன் நீர்மூழ்கிக் கப்பல் கட்டிய வரலாற்றைக் கொண்டுவந்தாய். பக்கத்து வளவில் வீடு போட்டாய், நெல் விதைத்தாய், தேத்தண்ணிக் கடையில் எல்லாரிடமும் பெருமையடித்தாய். "இருநூறு பக்கம் எழுதி வைச்சிருக்கிறன். தமிழில இப்பிடி ஒண்டு கிடையாது." உரமும் நெல்விலையும் பேச வந்த சனம் தலையாட்டிவிட்டுப் போகும். ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. நீ உரம் வாங்கக் கிளிநொச்சிக்குப் போயிருந்தாய். நீளக் காற்சட்டை போட்ட இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, "நீர்மூழ்கியைப் பற்றிக் குறிப்பெடுத்து வைச்சிருக்கிறவற்ற வீடு எது?" என்று கடையில் விசாரிப்பதைக் கேட்டேன். புலனாய்வுக்காரர்தான், புலியென்று உன்னைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வன்னியில், வீட்டில், நீர்மூழ்கிப் படத்தோடு ஒரு கொப்பி! குறுக்குப் பாதையால் ஓடினேன். உன் மேசையில் கிடந்ததைத் தூக்கி ரின்னுக்குள் போட்டு, தண்ணீர் போகாமல் ரியூப்பால் இறுக்கி, பனை வடலிக்குள் கொண்டுபோய்ப் புதைத்தேன். வேலியோரத்து மூன்றாவது வடலியில் இருந்து இருபது கவடு. எட்டுக்கு எட்டு எண்ணி வைத்துக்கொண்டேன்.

வந்தவர்கள் யார்? பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த விஞ்ஞான ஆசிரியரும் அவருடைய தம்பியும். கண்காட்சியில் பிள்ளைகளுக்கு நீ பேசவேண்டும் என்று கேட்க வந்திருந்தார்கள்.

பின்னேரம் நீயும் நானும் மண்வெட்டியோடு போனோம். இருபது கவடு நடந்து வெட்டினோம். இல்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒரு கிழமையாக வெட்டினோம். வடலிக்குள் மரவள்ளி நடலாம் போலக் கிடந்தது. நீ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னாய்: "கடலுக்கடியில ஓடுறதை எழுதினனான். நீ மண்ணுக்கடியில விட்டிட்டாய்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அழாதை. ஜெர்மன்காரங்கட முதல் நீர்மூழ்கிக் கப்பலும் கீல் துறைமுகத்துச் சேத்துக்குள்ள முப்பத்தாறு வருஷம் கிடந்தது. ஆழமாக்க வந்தவங்கள் தோண்டேக்க வந்தது. இதுவும் ஒருநாள் வரும்" என்றாய்.

அதோடு எனக்குத் தண்டனையும் தந்தாய். ஒவ்வொரு பின்னேரமும் உனக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி, நீ சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டதுக்குப் பிறகு நான் பேனை பிடித்து எழுதிய மிகப் பெரிய வேலை அது. கை நொந்தது. குற்ற உணர்வு கையை விட நொந்தது, அதனால் எழுதினேன்.

அந்த முதல் கப்பலின் கதையைத்தான் எத்தனை தரம் சொன்னாய்! கட்டினவன் ஒரு பீரங்கிக்காரன். காசு காணாதென்று தகட்டை மெல்லிசாகப் போட்டார்களாம். பரிசோதனையில் மூன்று பேரோடு அடியில் போய்க் குந்திவிட்டது. வெளித் தண்ணீர் அமத்துகிறது, கதவு திறபடாது. "உள்ளுக்கு இன்னும் தண்ணியை விடுங்கோ எண்டானாம், மச்சான்! மற்ற ரெண்டு பேரும் அவனுக்கு விசர் எண்டு நினைச்சிருப்பாங்கள். ஆனா உள்ளயும் வெளியயும் ஒரே அமத்தம் வந்தோண்ணை கதவு திறந்திட்டுது. மூண்டு பேரும் மேல!"

பிறகு மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டிய கப்பல். ஒளிக்கக் கட்டிய கப்பல், வெள்ளைப் புகை விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்ததாம். "எங்கட தண்ணி இறைக்கிற மெசின் மாதிரி," என்றாய். அதற்குப் பிறகு டீசல். இரண்டாம் உலகச் சண்டையின் கடைசியில் முதுகு வழுவழுப்பாக, பற்றறியை நிறைத்து, துண்டு துண்டாக ஊருக்கொரு பட்டறையில் செய்து கொண்டுவந்து பொருத்திய கப்பல். துண்டுகள் சரியாகப் பொருந்தவில்லை என்று சொல்லும்போது உனக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "வெல்டிங்காரனைக் கேக்காமச் செய்தா இப்பிடித்தான்!" இப்போதைய கப்பல் புகையே இல்லாமல் ஐதரசனில் ஓடி, கழிவாகத் தண்ணீரை விடுகிறது என்றபோது என் மனைவி பவளம் குசினியில் இருந்து, "அப்ப எங்கட வயலுக்கு ஒண்டு வாங்குங்கோ" என்றாள்.

அவளுக்குப் பிடித்தது கக்கூஸ் கதை. ஆழத்திலும் பாவிக்கக்கூடிய புதுவிதக் கக்கூஸ், வால்வு மாறித் திறந்து, கடல்தண்ணீர் பற்றறியில் பட்டு, நச்சுவாயு கிளம்பி, கப்பலே கைவிட்டுப் போனது. அவள் சிரித்துச் சிரித்துக் கதிரையால் விழப் பார்த்தாள். ஆனால் அந்தச் சண்டையில் நீர்மூழ்கிக்குள் போனவர்களில் நாலுக்கு மூன்று பேர் திரும்பவில்லை என்று சொல்லிவிட்டு நீ தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்திருந்தாய். நானும் எழுதவில்லை. அதை மறுநாள்தான் எழுதினேன்.

அப்படியே நாலு தடித்த சீ.ஆர். கொப்பி நிரம்பியது. எழுதி முடித்த பிறகும் நீ தேத்தண்ணிக்கு வந்தாய். "என்ன எழுதினாலும் என்ர முதல் கொப்பி மாதிரி வராது," என்று குத்திவிட்டுப் போவாய். போன மாசியில் நீ நெஞ்சுநோவென்று படுத்து எழும்பாமல் போனபோதும் எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த இருநூறு பக்கம்தான். ஆசிரியர் இந்த வருடக் கண்காட்சிக்கு என்னைப் பேசக் கேட்டார். "அவன்ர புத்தகத்தைத் துலைச்சவன் எந்த முகத்தோட வாறது?" என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

இன்று குழி இருந்த இடத்துக்கும் மூன்றாவது வடலிக்கும் இடையில் நடந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு கவடு. அட கோதாரி, அன்றைக்கு நான் ஓடிக்கொண்டல்லவோ எண்ணினேன்!

மத்தியானம் பவளமும் நானும் உன் கொப்பியை மேசையில் வைத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம். பென்சிலால் எழுதியபடியால் ஒன்றும் அழியவில்லை. ஒரு படம், பதினொரு பக்க எழுத்து. பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டே வரி: "மிச்சம் எழுதப் பஞ்சியும் அலுப்புமாக் கிடக்கு. ஆராவது கேட்டாச் சொல்லலாம்." அதற்குப் பிறகு கடைசித் தாள் வரைக்கும் வெறுந்தாள்.

படுபாவி! இருநூறு பக்கமாம்! இத்தனை வருடம் என் தேத்தண்ணியைக் குடித்து, என் கையை நோகவைத்து, ஒரு வார்த்தை சொன்னாயா? பவளம் அந்த இரண்டு வரியைத் திரும்ப வாசித்தாள். "பாவம், அப்ப அவரை ஒருத்தரும் கேக்கேல்லையப்பா" என்றாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், அப்படியே அழுதேன்.

பின்னேரம் ஆசிரியருக்குப் போன் எடுத்தேன். வெள்ளிக்கிழமை கண்காட்சி. என் நாலு கொப்பியும் உன்னுடைய ஒன்றும் ஒரே பைக்குள் இருக்கின்றன. பிள்ளைகளும் கேட்கிறார்களாம், மச்சான். சொல்லப் போறன்.