ஒரு கை போதும் வண்டி

அப்பா,

இன்று சாயங்காலம் என் மகள் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, நோட்டே கிழிந்துவிடும் போல ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீங்கள் வந்துவிட்டீர்கள். ஊரில் எல்லாருக்கும் அப்பா என்றால் விபூதி வாசனை, வியர்வை வாசனை. எனக்கு மட்டும் ரப்பர். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே வேன் ஓட்டிய மனுஷன் நீங்கள். ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது வலது பக்கம் விழுந்துவிட்டது. கையும் வரவில்லை, காலும் வரவில்லை. இனிமேல் வண்டி ஓட்டுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் வாயே திறக்கவில்லை. வேனை விற்ற அன்றும் திறக்கவில்லை. வாய் ஓயாத ஆள், வேங்கிக்கால் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பௌர்ணமி வந்தால் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வீர்கள். கிரிவலக் கூட்டத்தை ஏற்றிப் போகும் வேன்களின் சத்தத்தை உங்களால் தாங்க முடியவில்லை. அந்த ஆண்டு எனக்கு வீட்டுக்கு வரவே பிடிக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு நாள், நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் உங்களைச் சற்று உட்கார வைத்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் யாரோ கார் ரேஸ் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போயிருந்தார்கள். நீங்கள் சும்மா இடது கையை நீட்டி அம்புக்குறிப் பொத்தானை அமுக்கினீர்கள். கார் நகர்ந்தது. இன்னொன்றை அமுக்கினீர்கள். திரும்பியது.

"பாப்பா, இதுக்கு ஒரு கை போதுமா?" என்றீர்கள்.

மாதக்கணக்கில் நீங்களாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், என்ன ஆனாலும் உங்களுக்கு ஒரு வண்டி வேண்டும் என்று.

புதுக் கம்ப்யூட்டர் நமக்கெல்லாம் கனவு. சென்டர் முதலாளி மூலையில் போட்டிருந்த பழசை, "தூக்கிப் போடறதுக்கு நீயே எடுத்துட்டுப் போம்மா" என்று கொடுத்தார். அதில் அந்த ஆட்டத்தைப் போட்டால் கார் ஓடவில்லை, விக்கியது. நீங்கள் உதட்டைப் பிதுக்கி, "கிளட்ச் வழுக்குது" என்றீர்கள். செத்துப்போன இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து ராம் என்கிற மெமரித் துண்டைக் கழற்றி மாட்டினேன். கொஞ்சம் தேவலாம் என்றானதே தவிர, விக்கல் நிற்கவில்லை. படத்தைத் திரையில் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

"தைலம் வாங்கவே துட்டு இல்ல, இவளுக்கு விளையாட்டு ஒரு கேடு!" என்று அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் சென்னைக்குப் போன ஒருவரிடம் சொல்லி, பழைய கார்டு ஒன்றை வரவழைத்தேன்.

கார்டு வீட்டுக்கு வந்த அன்று, நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் நீங்கள் உங்கள் வேலையைக் காட்டிவிட்டீர்கள். நான் கார்டை மாட்டி சுவிட்சைப் போட்டேன். பீப் பீப் என்று கத்தியது, திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், கம்ப்யூட்டருக்குள் செருகும் ஓரத்தில் இருக்கிற தங்க நிறப் பற்கள் வரிசை முழுக்கச் சந்தனம்! நடுவில் குங்குமம். கம்ப்யூட்டர் பெட்டிக்கு அடியில் எலுமிச்சம்பழம் வேறு.

"புது வண்டிக்குப் பூஜை போடாம எப்படிப் பாப்பா எடுக்கறது? அதான் முன்பக்கம்னு நெனச்சேன்" என்றீர்கள். முகம் செத்துப்போயிருந்தது. இந்த வண்டியையும் நாமே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தீர்கள். கார்டை உங்கள் இடது கையில் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு பல்லாக ரப்பரால் தேய்த்தேன். கடைசி வரை பிடியை விடவில்லை நீங்கள். மறுபடி மாட்டியபோது திரையில் வெளிச்சம் வந்தது. அன்று நான் அழுதேன், போங்கள்.

ரேஸ் கார்களெல்லாம் பறக்கும். நீங்கள் மட்டும் இடது ஓரமாக நிதானமாகப் போவீர்கள். வளைவு வந்தால் வாயாலேயே ஹாரன் அடிப்பீர்கள். எப்போதும் கடைசி. "வேகமா போங்கப்பா" என்றால், "ஜனங்கள ஏத்திட்டு அப்படி ஓட்டக்கூடாது" என்பீர்கள்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. ஒரு நாள் ஆட்டத்தின் நடுவிலேயே காரை ஓரங்கட்டிக் கையை எடுத்துவிட்டீர்கள்.

"நல்லாத்தான் ஓடுது. ஆனா யாருமே ஏற மாட்டேங்கறாங்க பாப்பா."

அதற்கு எந்தக் கடையில் போய் என்ன வாங்கி மாட்டுவேன்?

அம்மாதான் அடுப்படியிலிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். உங்களுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கீழ்பென்னாத்தூர் போவுங்களா?"

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தது. "போவும். தள்ளி உட்காரு, இன்னும் ஆள் ஏறணும்" என்றீர்கள். நானும் ஏறிக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் விளக்கு வைத்ததும் மூன்று பேரும் கீழ்பென்னாத்தூர் போய்வந்தோம்.

மார்கழியில் இரண்டாவது முறை விழுந்தபோது இடது கையும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் பேச்சு குழறியது, என்ன சொல்கிறீர்கள் என்று புரிந்துகொள்ள அம்மா காதை வாயருகே வைத்தாள்.

"எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "எறங்கிட்டாங்க. பத்திரமா கொண்டாந்து விட்டுட்டீங்க. நீங்க வண்டிய நிறுத்துங்க" என்றாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அம்மா உங்கள் நிம்மதிக்காகச் சொன்னது அது. நான் இன்னும் இறங்கவில்லை, அப்பா.