ரொட்டிக்கு ஒரு புத்தகம், பாட்டிலுக்கு ஒரு புத்தகம்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் எழுந்திரிக்கிறோம், குளிக்கிறோம், வேலைக்குப் போறோம், வர்றோம், அந்த அளவுல நல்லாத்தான் இருக்கோம், அதுக்கு மேல கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும், இந்தக் கடிதம் உன் கைக்கு வர்ற வரைக்கும் எனக்கு அது ஒண்ணுதான் நினைப்பு. போன்ல பேசிட்டு எதுக்கு இந்தக் கடிதம்னு கேட்பே. நான் சொன்னதுக்கெல்லாம் நீ சரிம்மா சரிம்மான்னே. அந்தச் சரிம்மாவை நீ ஸ்கூல் போன காலத்துல இருந்து எனக்குத் தெரியும்டி. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுற சரிம்மா. அதான் எழுதுறேன், கடிதம்னா பாதியில வெச்சுட முடியாது பாரு.

சித்தப்பாவை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம். சித்தி இல்லாத வீட்ல அவர் தனியா இருக்க வேண்டாம்னு அப்பாதான் ஒத்தைக் கால்ல நின்னார். தையல் மெஷின் ரிப்பேர் கடையை இன்னும் திறக்கலை. மெஷின் குடுத்தவங்க வீடு தேடி வர்றாங்க, அப்பா வாசல்லயே நின்னு ஏதோ பதில் சொல்லி அனுப்பிடுறார். சாப்பிட உட்கார்ந்தா ஸ்பூனைக் கையில பிடிச்சுக்கிட்டு, நானும் அதைத்தானே சாப்பிட்டேன், அவ தட்டுல இருந்ததுதானே என் தட்டுலயும் இருந்ததுன்னு அதே பேச்சு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா என்ன சாப்பிட்டீங்கன்னு துருவித் துருவிக் கேட்டப்பவும் இதைத்தான் சொன்னார். பாவம், அவர் பொய் சொல்லலை, அவருக்கு அப்ப ஞாபகம் வரலை.

உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லலை, சொல்ல வாய் வரலை. முதல்ல சித்திக்குக் கண்ணுதான் மக்கர் பண்ணுச்சு, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுக்கான்னு சொன்னா. அப்புறம் இமையைத் தூக்க முடியலை, பேச்சு குழறுது, தண்ணி இறங்கலை. புத்தி மட்டும் தெளிவா இருந்தது, அதுதான்டி கொடுமை. ஆஸ்பத்திரி மெஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டுக்கிட்டிருக்கு, நாங்க பேசுறது அத்தனையும் அவளுக்குக் கேட்குது, கையைப் பிடிச்சா லேசா ஒரு விரலை அசைப்பா, அப்புறம் அதுவும் நின்னு போச்சு. சரியாப் பக்குவம் பண்ணாம காத்துப் புகாம அடைச்சு வைக்கிற சாப்பாட்டுல வளர்ற விஷம்னு டாக்டரம்மா கண்டுபிடிச்சு மருந்தும் வரவழைச்சாங்க, ஆனா அதுக்குள்ள அது நரம்புல போய் உட்கார்ந்துடுச்சு. எதுல இருந்து வந்ததுன்னுதான் புரியலை. எல்லாம் முடிஞ்சு அவ சமையலறையை ஒழிக்கப் போனோம். பாத்திரம் காயுற தட்டுல ஒரு கண்ணாடி பாட்டில் கவிழ்த்து வெச்சிருந்தது. அதைப் பார்த்ததும்தான் சித்தப்பாவுக்கு ஞாபகம் வந்து, எல்லாத்தையும் சொன்னார். யாரோ சாப்பிட வர்றாங்கன்னு அலமாரியில இருந்து, அவளே வினிகர்ல போட்டு அடைச்சு வெச்சிருந்த பீன்ஸ் பாட்டில் ஒண்ணை எடுத்துத் திறந்திருக்கா, உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்திருக்கா, ம்ஹூம் இது சரியில்லைன்னு முகத்தைச் சுளிச்சுட்டு மொத்தத்தையும் தொட்டியில கொட்டிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துட்டு மாவு பிசையப் போயிட்டா. அவ்வளவுதான். அவ அதைச் சாப்பிடவே இல்லை. அடுத்தவங்க தட்டுல கெட்டது விழுந்துடக் கூடாதேன்னு நாக்குல வெச்சுப் பார்த்தா. நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் செய்யுறதுதானே இது. குழம்போ ஜாமோ, உள்ளங்கையில ஒரு சொட்டு. நீ நடக்க ஆரம்பிச்சதுமே அவ பக்கத்துல போய் நின்னு கையை நீட்டுவே, அவளும் ஊதி ஊதி விடுவா, எப்படிடி இருக்குன்னு கேட்பா, பெரிய மனுஷியாட்டம் உப்பு பத்தலைன்னு சொல்லுவே.

இப்ப நீ கேட்ட புத்தகத்துக்கு வர்றேன். சித்தி மாதிரி நானும் வீட்லயே ரொட்டி சுடப் போறேன், காய்கறியைப் பாட்டில்ல போட்டு அடைச்சு வைக்கப் போறேன், அவ புத்தகத்தை அனுப்பி வைன்னு சொன்னே. அனுப்ப மாட்டேன். கல்யாண ஆல்பம் மாதிரி வழவழன்னு படம் படமா இருக்கே, அதேதான். அதுல பீன்ஸ் போடுற பக்கத்துல, வினிகரை உங்க ருசிக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கலாம்னு ஒரு வரி போட்டிருக்கான். அவளுக்குத்தான் நெஞ்செரிச்சலாச்சே, புளிப்பே ஆகாது, பாதியாக் குறைச்சுட்டா. புளிப்புதான் அந்த விஷத்தை வளர விடாம வெச்சிருக்குன்னு எழுதினவன் ஒரு வார்த்தை சொல்லலை, பாட்டிலுக்கு ரிப்பன் எப்படிக் கட்டணும்னு மட்டும் ஒரு பக்கத்துக்குச் சொல்லியிருக்கான், படுபாவி. நான் வேலை பார்க்குற நூலகத்துலயும் அந்தப் புத்தகம் ஒண்ணு இருக்கு. எடுத்துடலாம்னு தலைமை நூலகர்கிட்ட போய்ச் சொன்னேன், அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கும்மான்னு மூக்குக் கண்ணாடியைத் துடைச்சார். நான் அதை என் மேஜை இழுப்பறையில போட்டுப் பூட்டிட்டேன். கேட்டு வர்றவங்ககிட்ட யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு கூசாம சொல்றேன். அவர் முறையைப் பார்த்து முடிக்கட்டும், அதுவரைக்கும் சாவி என்கிட்டதான்.

ரொட்டிக்கு வேணும்னா நல்ல புத்தகம் ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன், பார்சல்ல வரும். எப்படிப் பார்த்து எடுத்தேன்னா, கப் கணக்குல இல்லாம மாவு தண்ணி எல்லாத்தையும் கிராம்ல எடை போடச் சொல்லணும், இவ்வளவு நேரம் வைன்னு மட்டும் சொல்லாம மாவு எப்படி உப்பியிருக்கணும், விரலால அழுத்தினா எப்படி எழும்பணும்னு சொல்லணும், கல்லு மாதிரி வந்தா ஏன் வந்ததுன்னும் சொல்லணும். அழகான ரொட்டி படம் மட்டும் போட்டிருந்தா தூக்கி வெச்சுடு. ரொட்டி என்ன பண்ணிடும், போனா ஒரு படி மாவு போகும், உன் மாமியார் ஒரு சிரிப்பு சிரிப்பாங்க, மறுநாள் திரும்பப் பிசையலாம். பாட்டில் விஷயம் அப்படி இல்லை. அதுக்குப் புத்தகம் வாங்குறப்ப முதல் பக்கத்தைப் பார்க்காதே, எதை மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்னு தேடு. வினிகர் எவ்வளவு, எந்த அளவு பாட்டில், எவ்வளவு நேரம் கொதிக்கணும், இதெல்லாம் அடிச்சுச் சொல்லணும். புளிப்பில்லாத காய்க்கு வெறும் கொதிக்கிற தண்ணி போதாது, அழுத்தத்துல வேக வைக்கிற பாத்திரம் வேணும்னு எழுதியிருக்கணும். சந்தேகமா இருந்தா நாக்குல வெச்சுப் பார்க்காதே, தூக்கிப் போடுன்னு எழுதியிருக்கணும். அந்த வரி இல்லாத புத்தகம் உன் வாசல்படி ஏறக் கூடாது. பழைய பதிப்பும் வேண்டாம், சும்மா குடுத்தாலும் வேண்டாம். கொஞ்ச நாளைக்குப் பழ ஜாம் மட்டும் போடு, அதுலயும் பூஞ்சை வந்தா மேல வழிச்சுட்டுச் சாப்பிடுற கஞ்சத்தனம் வேண்டாம்.

இனிமேதான் நான் எழுத வந்ததே. லீவுக்கு வந்தப்ப சித்தி உனக்குக் குடுத்தனுப்பின பீன்ஸ் பாட்டில் இன்னும் உன் அடுப்பு மேல அலமாரியிலதான் இருக்குன்னு மாப்பிள்ளை அப்பாகிட்ட சொல்லிட்டார். அவரைக் கோவிச்சுக்காதே. தூக்கிப் போடலாம்னு அவர் கை வெச்சப்ப நீ பிடுங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுதியாமே. நீ இல்லாத நேரம் பார்த்துத் தூக்கிப் போட்டுடுங்கன்னு அவர்கிட்ட சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அப்புறம் ஆயுசுக்கும் நீ அவரை மன்னிக்க மாட்டே, அதனால சொல்லலை. அது சித்தி திறந்து நக்கிப் பார்த்த அதே வரிசைப் பாட்டில்டி, அதே நாள்ல போட்டது. அவ அலமாரியில மிச்சம் இருந்ததையெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சாங்க. சிலதுல விஷம் இருந்தது, சிலதுல இல்லை. வெளியில இருந்து பார்த்தா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் தெரியலை, எல்லாம் தண்ணி மாதிரி தெளிவா, பச்சைப் பசேல்னு அழகா இருந்தது. நான் திறக்க மாட்டேம்மா, சும்மா வெச்சுக்கறேம்மான்னு சொல்றே. இன்னிக்குத் திறக்க மாட்டே. என்னிக்காவது ஒரு நாள் அவ நினைப்பு தாங்காம திறப்பே, ஒரே ஒரு சொட்டு, அவ கை ருசின்னு. இல்லைன்னா நீ வேலைக்குப் போயிருக்கும்போது குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு எடுக்கும். உன்னைப் பெத்தவளுக்கு உன்னைத் தெரியாதா?

கண்ணு, மூடியைத் திறக்காம அப்படியே கெட்டியான பையில போடு, மேல இன்னொரு பை போடு, இறுக்கிக் கட்டு, குப்பை வண்டி வர்ற அன்னிக்கு நீயே கொண்டு போய்ப் போடு, கையை சோப்பு போட்டுக் கழுவு. கடைசியா வந்து முகத்தைக்கூடப் பார்க்க முடியலை, இதையும் எறிஞ்சுட்டா சித்தியோடதுன்னு என்கிட்ட என்னம்மா இருக்கும்னு போன்ல கேட்டே, நான் போனை வெச்சுட்டேன். ஒண்ணும் இருக்காதுடி. எனக்கும் ஒண்ணும் இல்லை. செத்துப் போறதுன்னா அதுதான். அவ கையை நான் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், பிடிச்சு என்ன ஆச்சு? உன் கையையும் அப்படி ஒரு கட்டில் பக்கத்துல உட்கார்ந்து பிடிக்க என்னால முடியாது.

நீங்க மூணு பேரும் நோய் நொடியில்லாம ரொம்ப காலம் இருக்கணும். குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையை விசாரிச்சதா சொல்லு. பாட்டிலைப் போட்டுட்டு போன் பண்ணு, சரிம்மான்னு சொல்லாதே, போட்டுட்டேன்னு சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா